எமில் போஸ்ட் கோடலுக்குப் பத்து வருடம் முன்பே கண்டுபிடித்துவிட்டாரா?

நிலாமுற்றம் கேட்டது:

வணக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருடம் படிக்கிறேன். தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பாடத்தின் கடைசி யூனிட்டில் போஸ்ட் கரெஸ்பாண்டன்ஸ் ப்ராப்ளம் வருகிறது. வகுப்பில் அதை வேகமாக முடித்துவிட்டார்கள், "இது அன்டிசைடபிள், தேர்வுக்கு ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பாருங்கள்" என்பதோடு சரி (அன்டிசைடபிள் என்றால் எந்த வழிமுறையாலும் பொதுவாகத் தீர்க்க முடியாதது). யார் இந்தப் போஸ்ட் என்று நானே தேடியபோது எமில் போஸ்ட் என்ற நியூயார்க் கணித அறிஞர் என்று தெரிந்தது. ஆனால் படித்த இடத்தில் எல்லாம் ஒரு வரி வருகிறது: கோடல் 1931-ல் வெளியிட்ட முழுமையின்மைத் தேற்றத்தை (எண்கணிதத்துக்குப் போதுமான, முரணற்ற எந்தத் தருக்க அமைப்பிலும் நிறுவவும் மறுக்கவும் முடியாத கூற்று இருக்கும் என்பதை) இவர் 1921-லேயே கண்டிருந்தார் என்று. உண்மைதானா? உண்மை என்றால் ஏன் வெளியிடவில்லை? ஓரிடத்தில் மனநோய் காரணம் என்கிறார்கள், இன்னோரிடத்தில் பத்திரிகை நிராகரித்துவிட்டது என்கிறார்கள். கோடல், டூரிங், சர்ச் மூன்று பேரைப் பற்றியும் எவ்வளவோ படிக்கக் கிடைக்கிறது, இவரைப் பற்றி மட்டும் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

வடக்குவாசல் எழுதியது:

நல்ல கேள்வி. முதலில் ஆளைப் பற்றிச் சொல்கிறேன், 1921-க்கு அப்புறம் வருவோம்.

பிறந்தது 1897-ல் அகஸ்டோவ் என்ற ஊரில். இன்று அது போலந்தில் இருக்கிறது, அப்போது ரஷ்யப் பேரரசின் கையில் இருந்தது. யூதக் குடும்பம். 1904-ல் நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தார்கள். சிறுவனாக இருக்கும்போது, நின்றிருந்த ஒரு காருக்கு அருகே போய்விட்ட பந்தை எடுக்கக் கையை நீட்ட, இன்னொரு கார் வந்து அதன்மேல் மோதியதில் இடது கை போய்விட்டது. அந்தப் பையனுக்கு அப்போது வானியல்மேல்தான் ஆசை. ஒரு கை இல்லாதவன் வானியலாளன் ஆக முடியுமா என்று வானாய்வு நிலையங்களுக்கே கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறான். ஹார்வர்டிலிருந்து ஊக்கமான பதில் வந்தது. அமெரிக்கக் கடற்படை வானாய்வு நிலையமோ, அது மிகப் பெரிய தடையாகத்தான் இருக்கும் என்று எழுதிவிட்டது. பையன் கணிதத்துக்கு வந்துவிட்டான்.

சிட்டி காலேஜில் 1917-ல் பட்டம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1920-ல் டாக்டர் பட்டம். அந்த ஆய்வேட்டை மட்டும் வைத்துக்கொண்டாலே அவர் பெயர் தருக்க வரலாற்றில் நின்றிருக்கும். கணிதத்தைத் தருக்கத்திலிருந்தே கட்டியெழுப்ப ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் எழுதிய பிரின்சிப்பியா மேத்தமேட்டிகாவில் கூற்றுத் தருக்கம் (கூற்றுகளை "மற்றும்", "அல்லது", "இல்லை" கொண்டு இணைக்கும் தருக்கம்) என்ற பகுதியை மட்டும் தனியாக எடுத்து, அது முரணற்றது, முழுமையானது என்று நிறுவினார். எந்தக் கூற்றைக் கொடுத்தாலும் அது தேற்றமா இல்லையா என்று சொல்ல ட்ரூத் டேபிள் போட்டுப் பார்த்தால் போதும் என்பதும் அதில்தான் இருக்கிறது. (விட்கென்ஸ்டைனும் அதே காலத்தில் தனியாக அந்த அட்டவணைக்கு வந்தார். ஜெர்மனியில் பெர்னைஸ் 1918-லேயே முழுமையை நிறுவியிருந்தாலும் அச்சுக்கு வந்தது 1926-ல்தான்.) மெய், பொய் என்ற இரண்டோடு நிற்காமல் பல மதிப்புகள் கொண்ட தருக்கங்களையும் அதே ஆய்வேட்டில் எழுதினார். இன்று முதல் வருடப் பிள்ளைகள் போடுகிற ட்ரூத் டேபிளுக்குப் பின்னால் இவர் இருக்கிறார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் செய்ததில் என்னை அதிகம் ஈர்ப்பது வேறு ஒன்று. ரஸ்ஸல் உட்பட அந்தக் காலத்தில் பலர் தருக்கத்தை உள்ளே இருந்து பயன்படுத்தினார்கள், அதற்குள் தேற்றங்களை நிறுவிக்கொண்டே போனார்கள். போஸ்ட் வெளியே நின்று, இது வெறும் குறிகளின் விளையாட்டு, இந்த விளையாட்டைப் பற்றி நான் என்ன நிறுவ முடியும் என்று கேட்டார். ஹில்பர்ட் பள்ளி ஜெர்மனியில் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி அது.

பனைமரத்தடி எழுதியது:

வடக்குவாசல் நிறுத்திய இடத்திலிருந்து நான் தொடர்கிறேன், ஏனென்றால் 1921-ல் நடந்ததுதான் உங்கள் கேள்வியே.

டாக்டர் பட்டம் முடிந்ததும் ஒரு வருட ஃபெல்லோஷிப்பில் பிரின்ஸ்டன் போனார். இலக்கு பெரியது. கூற்றுத் தருக்கத்துக்குச் செய்ததைப் பிரின்சிப்பியா முழுவதற்கும் செய்துவிட வேண்டும், அதாவது எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும் அது தேற்றமா என்று இயந்திரத்தனமாகக் கண்டுபிடிக்க ஒரு வழி. அது கைகூடியிருந்தால் அன்றைய கணிதத்தின் பெரும்பகுதி ஒரே கணக்கில் முடிந்திருக்கும்!

அவர் போன வழி என்னவென்றால், பிரின்சிப்பியாவின் சிக்கலான விதிகளைச் சுருக்கிச் சுருக்கி, குறிச்சரங்களை மாற்றும் மிக எளிய விதிகளாகக் கொண்டுவருவது. கடைசியில் அவர் வந்து சேர்ந்த வடிவம் நம்ப முடியாத அளவு எளிமையானது: ஒரு சரத்தின் முன்பக்கம் இன்ன துண்டு இருந்தால் அதை வெட்டிவிட்டு, பின்பக்கம் இன்ன துண்டை ஒட்டு. அவ்வளவுதான். பிரின்சிப்பியா மாதிரி ஒரு முழு அமைப்பையே இந்த வெட்டு-ஒட்டு விதிகளாக எழுதிவிடலாம் என்று காட்டினார்.

சரி, விதிகள் இவ்வளவு எளிதாகிவிட்டதே, இனி தீர்த்துவிடலாம் என்று பார்த்தால் அங்கேதான் மாட்டிக்கொண்டார். அவர் பார்த்த ஒரு சின்ன எடுத்துக்காட்டு இது. 0, 1 மட்டும் உள்ள ஒரு சரம். முதல் எழுத்து 0 என்றால் கடைசியில் 00 சேர். 1 என்றால் கடைசியில் 1101 சேர். பிறகு முன்னால் இருந்து மூன்று எழுத்தை வெட்டு. திரும்பத் திரும்பச் செய். 10010 என்று தொடங்கினால் 101101, பிறகு 1011101 என்று போகும். 000 என்று தொடங்கினால் 00 ஆகி, வெட்ட மூன்று எழுத்து இல்லாமல் நின்றுவிடும். கேள்வி: ஒரு சரத்தைக் கொடுத்தால் அது நிற்குமா, ஒரே சுழலில் சுற்றுமா, முடிவில்லாமல் வளருமா? பள்ளிப் பிள்ளைக்குக்கூட விதி புரிந்துவிடும், பதில் மட்டும் போஸ்டுக்குக் கிடைக்கவில்லை. டேக் என்று பெயர் வைத்து மாதக்கணக்கில் மோதினார். அந்தத் தோல்வியில்தான் அவர் பார்வை தலைகீழாகத் திரும்பியது. தீர்வு கிடைக்காததற்குக் காரணம் தன் திறமைக் குறைவு அல்ல, இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பொதுத் தீர்வே இல்லாமல் இருக்கலாம் என்று 1921-ல் அவருக்குத் தோன்றியது.

அதற்கப்புறம் வாதம் வேகமாக வருகிறது. எல்லா வெட்டு-ஒட்டு அமைப்புகளையும் வரிசைப்படுத்தி, கேன்டரின் மூலைவிட்ட முறையைப் (பட்டியலில் உள்ள ஒவ்வொன்றிலிருந்தும் ஓரிடத்திலாவது மாறுபடும் ஒன்றைக் கட்டும் முறையை) போட்டால், எந்த முடிவுள்ள வழிமுறையாலும் தீர்க்க முடியாத ஒரு கேள்வி கிடைக்கிறது. இப்போது ஒரு தருக்க அமைப்பு அந்தக் கேள்விகளுக்கெல்லாம் சரியான பதிலை நிறுவுகிற அளவு முழுமையானது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் அதன் தேற்றங்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனால், ஏதோ ஒரு நாள் "ஆம்" அல்லது "இல்லை" வந்தே தீரும், அதுவே ஒரு வழிமுறை ஆகிவிடும். வழிமுறையே கிடையாது என்று மேலே பார்த்தோம். ஆகவே அப்படி முழுமையான தருக்கம் இருக்கவே முடியாது.

இதைத்தான் 1921 என்கிறார்கள். நிலாமுற்றம், உங்கள் பாடத்தில் ஹால்டிங் ப்ராப்ளத்திலிருந்து (ஒரு நிரல் என்றாவது நிற்குமா என்ற கேள்வியிலிருந்து) முழுமையின்மைக்கு வரும் குறுக்குவழி ஒன்று சொல்லியிருந்தால், அது கிட்டத்தட்ட போஸ்டின் வழிதான்.

ஆடிக்காற்று எழுதியது:

இரண்டு பேரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் "கோடலுக்கு முன்பே கண்டுபிடித்தார்" என்ற வாக்கியத்தை நான் அப்படியே ஏற்கமாட்டேன். போஸ்டே அதை அப்படிச் சொல்லவில்லை. 1938-ல் நியூயார்க்கில் கோடலைச் சந்தித்த பிறகு அவருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். நான் கோடலாக இருந்திருந்தால் 1921-லேயே கோடலின் தேற்றத்தைக் கண்டுபிடித்திருப்பேன் என்று அதில் எழுதியிருக்கிறார். அடுத்து எழுதிய கடிதத்தில், யோசனை தோன்றுவது பெரிதல்ல, அதை நிறைவேற்றிக் காட்டுவதில்தான் பெருமை இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். மனம் எவ்வளவு வலித்திருக்கும், இருந்தும் எவ்வளவு நேர்மை.

பனைமரத்தடி சொன்ன வாதத்தில் ஓர் இடம் இருக்கிறது, அதைத் தொட்டுப் பார்த்தால்தான் ஏன் வெளியிடவில்லை என்பது புரியும். "எந்த முடிவுள்ள வழிமுறையாலும்" என்று சொல்கிறோமே, எல்லா வழிமுறைகளும் இந்த வெட்டு-ஒட்டு விதிக்குள் அடங்கிவிடும் என்று யார் சொன்னது? பிரின்சிப்பியா அடங்கும், சரி. நாளைக்கு ஒருவர் புதிதாக ஒரு வழிமுறையைக் கொண்டுவந்தால்? அடங்கிவிடும் என்றுதான் போஸ்ட் நம்பினார், ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக மனிதன் குறிகளை வைத்து யோசிக்கும் முறைகள் எல்லாவற்றையும் அலசிக் காட்ட வேண்டும் என்று நினைத்தார். அந்த அலசல் முடியாமல் வெளியிடுவது முறையல்ல என்று காத்திருந்தார். அந்த வருடமே முதல் மனநோய்த் தாக்குதலும் வந்தது.

கோடல் இந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை. குறிப்பிட்ட ஓர் அமைப்பை எடுத்துக்கொண்டு, "நான் நிறுவ முடியாதவன்" என்று தன்னைப் பற்றியே சொல்லும் ஒரு கூற்றை அதற்குள்ளேயே கட்டிக் காட்டினார். எல்லா வழிமுறைகளையும் பற்றி அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆகவே 1931 கட்டுரையில் யாரும் கேள்வி கேட்க முடியாத நிரூபணம் இருந்தது. போஸ்டிடம் இருந்ததோ அதைவிட விரிந்த காட்சி, ஆனால் அதன் அடித்தளத்தில் ஒரு கல் அவருக்கே திருப்தியாக வைக்கப்படவில்லை.

ஆனால் இதில் போஸ்டுக்குச் சேர வேண்டியதையும் சொல்ல வேண்டும். அவர் பார்த்தது எல்லாத் தருக்கங்களுக்கும் பொதுவான முழுமையின்மை. கோடல் தன் தேற்றத்தை அந்தப் பொதுவடிவில் சொல்லலாம் என்று ஒரு குறிப்புச் சேர்த்தது 1963-ல், அதுவும் டூரிங்கின் வேலை அதற்கு வழிசெய்தது என்று சொல்லி. போஸ்ட் 1921-ல் நேராக அங்கேதான் போக முயன்றார்.

நிலாமுற்றம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. இப்போதுதான் தெளிவாகிறது. பத்திரிகை நிராகரித்தது என்பது அப்போது என்ன? 1921-ல் அனுப்பவே இல்லை என்கிறீர்களே. அப்புறம், கரெஸ்பாண்டன்ஸ் ப்ராப்ளம் ஏன் அன்டிசைடபிள் என்பதும் எனக்கு இன்னும் மனதில் ஏறவில்லை.

ஆடிக்காற்று எழுதியது:

நிராகரிப்பு நடந்தது இருபது வருடம் கழித்து. நடுவில் 1936 வருகிறது. அந்த வருடம் போஸ்ட் ஒரு மூன்று பக்கக் கட்டுரை வெளியிட்டார். முடிவில்லாமல் நீளும் பெட்டி வரிசை, அதில் ஒரு தொழிலாளி. அவர் பெட்டியில் குறி போடலாம், குறியை அழிக்கலாம், வலமோ இடமோ ஒரு பெட்டி நகரலாம், நிற்கும் பெட்டியில் குறி இருக்கிறதா என்று பார்க்கலாம். படித்ததும் டூரிங் மெஷின் என்று சொல்லிவிடுவீர்கள். டூரிங்கின் கட்டுரையைப் பார்க்காமல் எழுதியது அது, பத்திரிகையின் ஆசிரியர் குறிப்பே இது முற்றிலும் தனியாக எழுதப்பட்டது என்று சொல்கிறது. வழிமுறையால் கணக்கிடக்கூடியது எது என்பதை சர்ச் ஒரு வரையறை மாதிரி வைத்ததை போஸ்ட் அதில் ஏற்கவில்லை. இது மனித அறிவின் எல்லையைப் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு, வரையறை என்று சொல்லி மூடிவிட்டால் அதைத் தொடர்ந்து சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே மறந்துபோகும் என்றார். 1921-ல் அவரை நிறுத்திவைத்த அதே கவலை!

1941-ல் பழைய வேலை முழுவதையும், எந்தக் கட்டத்தில் என்ன தோன்றியது என்ற வரலாற்றோடு எழுதி அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மேத்தமேட்டிக்ஸுக்கு அனுப்பினார். பத்திரிகையின் சார்பில் கணித அறிஞர் ஹெர்மன் வெய்ல் மரியாதையாக மறுத்துக் கடிதம் எழுதினார்: இருபது வருடத்துக்கு முன் உங்கள் வேலைக்குரிய அங்கீகாரம் கிடைக்காமல் போயிருக்கலாம், ஆனால் கடிகாரத்தைத் திருப்பிவைக்க முடியாது, இந்தப் பத்திரிகை வரலாற்றுக் கட்டுரைக்கான இடம் அல்ல என்று. கணிதப் பகுதி மட்டும் 1943-ல் வெளிவந்தது. முழுக் கட்டுரையை 1965-ல் மார்ட்டின் டேவிஸ் தன் தொகுப்பில் சேர்த்து அச்சேற்றினார், அப்போது போஸ்ட் இறந்து பதினோரு வருடம். வெய்ல் விதிப்படி நடந்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அந்தக் கட்டுரை அப்போதே வந்திருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு மனிதர் தன் நாட்குறிப்பை வைத்துக்கொண்டு, இங்கே எனக்குச் சந்தேகம், இங்கே நான் அவசரப்பட்டேன் என்று அவ்வளவு திறந்து எழுதிய கணிதக் கட்டுரை அபூர்வம்.

பனைமரத்தடி எழுதியது:

கரெஸ்பாண்டன்ஸ் பற்றி நான் சொல்கிறேன். ஓடுகள் என்று வைத்துக்கொள்வோம், ஒவ்வொரு ஓட்டிலும் மேலே ஒரு சரம், கீழே ஒரு சரம். முதல் ஓடு: மேலே 1, கீழே 101. இரண்டாவது: மேலே 10, கீழே 00. மூன்றாவது: மேலே 011, கீழே 11. முதல், மூன்றாவது, இரண்டாவது, மீண்டும் மூன்றாவது என்று அடுக்குங்கள். மேலேயும் 101110011, கீழேயும் 101110011. பொருந்திவிட்டது.

இதில் தீர்வு இருந்தால் தேடித் தேடி என்றாவது கிடைத்துவிடும். இல்லை என்றால் எப்போது தேடலை நிறுத்துவது? அதுதான் பிரச்சினை. ஒரு டூரிங் மெஷினை எடுத்துக்கொண்டு அதன் ஒவ்வொரு அடியையும் ஓடுகளில் எழுதிவைக்கலாம். கீழ் வரிசை எப்போதும் மேல் வரிசையைவிட ஓர் அடி முன்னால் ஓடும்படி அமைப்பார்கள். மேல் வரிசை அதைப் பிடிக்க ஒவ்வொரு ஓடாக வைக்கும்போது மெஷினின் அடுத்த நிலை கீழே எழுதப்பட்டுவிடும். மெஷின் நின்றால் மட்டும் மேல் வரிசை எட்டிப் பிடிக்க உதவும் ஓடுகள் கிடைக்கும். ஆக, ஓடுகள் பொருந்துமா என்று சொல்லத் தெரிந்தால் மெஷின் நிற்குமா என்றும் சொல்லத் தெரிந்துவிடும். அது முடியாது, ஆகவே இதுவும் முடியாது. போஸ்ட் 1946-ல் மெஷினை வைத்து இதைச் செய்யவில்லை, தன் பழைய வெட்டு-ஒட்டு அமைப்புகளை வைத்தே செய்தார். ஒரு கன்டெக்ஸ்ட் ஃப்ரீ கிராமர் குழப்பமானதா (ஒரே சரத்தை இரண்டு விதமாகப் பிரிக்க இடம் தருகிறதா) என்று பொதுவாகச் சொல்ல முடியாது என்பதற்குப் புத்தகத்தில் வரும் நிரூபணம் இதிலிருந்துதான் கிளம்புகிறது. அந்த கிராமர்களே மொழியியலாளர் சாம்ஸ்கி வழியாக வந்தாலும், ஒரு சரத்தை இன்னொன்றாக மாற்றி எழுதும் விதி என்ற யோசனை போஸ்டுடையது.

வடக்குவாசல் எழுதியது:

ஆள் எந்த நிலைமையில் இதையெல்லாம் செய்தார் என்பதையும் சேர்த்துவிடுகிறேன். வாழ்க்கை முழுக்க இருமுனை மனநோய். ஒரு கண்டுபிடிப்பு தரும் பரவசமே நோயைக் கிளப்பிவிடும் என்பதால் ஆராய்ச்சியை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்று கட்டுப்படுத்திக்கொண்டார். நோயால் பல்கலைக்கழக வேலை நிலைக்காமல் சில காலம் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தினார், 1930-களில்தான் சிட்டி காலேஜில் ஊன்றினார். அங்கே வாரத்துக்குப் பதினாறு மணி நேர வகுப்பு, தனி அறை கிடையாது, ஆராய்ச்சி வீட்டில்தான். மனைவி கெர்ட்ரூட் கைப்பிரதிகளைத் தட்டச்சு செய்தார், கடிதங்களையும் வரவு செலவையும் கவனித்தார், அன்றாடத்தின் இரைச்சல் அவரை அண்டாமல் பார்த்துக்கொண்டார். போஸ்டின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வகுப்பு மிகக் கண்டிப்பாம். பாடம் தொடங்கும்போதே யாரையாவது கூப்பிட்டு, புத்தகமும் குறிப்பும் இல்லாமல் தேற்றத்தைக் கரும்பலகையில் நிறுவச் சொல்வார். அப்படி எழுந்து போன மாணவர்களில் ஒருவர்தான் மார்ட்டின் டேவிஸ். 1944 கட்டுரையில் போஸ்ட், ஹில்பர்ட்டின் பத்தாவது பிரச்சினை (ஒரு பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கு முழு எண் தீர்வு உண்டா என்று சொல்ல வழிமுறை உண்டா என்பது) தீர்க்க முடியாதது என்ற நிரூபணத்துக்காகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தார். டேவிஸ் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பல வருடம் உழைத்தார். பட்னம், ஜூலியா ராபின்சன் இருவரும் சேர்ந்து பாதையை அமைக்க, 1970-ல் லெனின்கிராட்டில் மாட்டியாசெவிச் கடைசிப் படியை ஏறினார்.

அதே 1944 கட்டுரையில் இன்னொரு கேள்வியும் வைத்தார். எண்ணி எழுதக்கூடிய (ரிகர்சிவ்லி எனுமரபிள்) ஒரு கணம், தீர்க்க முடியாததாகவும் இருக்க வேண்டும், ஆனால் ஹால்டிங் ப்ராப்ளத்தைவிடக் கடினம் குறைந்ததாகவும் இருக்க வேண்டும், அப்படி ஒன்று உண்டா? உண்டு என்று அமெரிக்காவில் ஃப்ரீட்பர்க்கும் சோவியத்தில் முச்னிக்கும் தனித்தனியே 1956-57 வாக்கில் காட்டினார்கள், இருவரும் இளம் வயதினர். போஸ்ட் அதைப் பார்க்கவில்லை. 1954 ஏப்ரலில், மருத்துவமனையில் மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்குப் பின் மாரடைப்பில் இறந்துவிட்டார். வயது 57.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள், அந்த 1944 கட்டுரையிலேயே தொடங்குங்கள். குறியீடுகளை அடுக்காமல், ஒருவர் உட்கார்ந்து விளக்குவது போல எழுதியிருப்பார். ரிகர்சிவ்லி எனுமரபிள் என்ற சொல் உங்கள் சிலபஸில் இருப்பதால் முதல் பாதி சிரமப்படுத்தாது.

நிலாமுற்றம் எழுதியது:

நன்றி, இன்றே எடுத்துப் படிக்கிறேன். டேக் விளையாட்டைப் பைத்தானில் எழுதி 10010 போட்டு ஓடவிடலாம் என்றும் இருக்கிறேன். அது கடைசியில் தீர்ந்ததா?

பனைமரத்தடி எழுதியது:

பொதுவாக டேக் அமைப்புகளுக்கு வழிமுறை கிடையாது என்று மின்ஸ்கி 1961-ல் நிறுவினார், ஆக போஸ்டின் சந்தேகம் சரிதான். ஆனால் 00, 1101 என்ற அந்தக் குறிப்பிட்ட ஜோடிக்கு, முடிவில்லாமல் வளரும் சரம் உண்டா என்பது இன்னும் தீராமலேயே கிடக்கிறது. நிரல் எழுதும்போது முன்னால் வெட்டிப் பின்னால் ஒட்டுவதற்கு லிஸ்ட் வேண்டாம், டெக் (இரு முனையிலும் வேகமாகச் சேர்க்கவும் எடுக்கவும் கூடிய வரிசை) பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் நீளமான சரத்தில் மிக மெதுவாகிவிடும். ஏற்கெனவே வந்த சரங்களை ஒரு செட்டில் போட்டு வைத்தால் சுழல் வந்ததும் தெரிந்துவிடும். 100 என்பதைப் பல முறை அடுத்தடுத்து எழுதி அதைத் தொடக்கச் சரமாகக் கொடுத்துப் பாருங்கள், எத்தனை முறை எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஓட்டம் வெகுவாக மாறும்.